ஸ்வயம் படிப்பு இலவசம்தான், சான்றிதழும் கிரெடிட்டும் தனிக்கதை

இலவசம் என்றுதானே சொன்னார்கள், இப்போது எதற்குப் பணம்? மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் சேரும் மாணவர்கள் பருவம் தவறாமல் கேட்கிற கேள்வி இது. சொன்னது பொய்யில்லை, பாதியைத்தான் சொன்னார்கள். வீடியோ, பாடக்குறிப்பு, வாராந்திர அசைன்மென்ட் எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். சான்றிதழ் வேண்டுமென்றால் மையத்துக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும், அங்கே ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்களுக்கு அந்தத் தேர்வுக் கட்டணம் பல பருவங்களாக 1,000 ரூபாய். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பாதி, அதற்கான சான்றைக் கையோடு வைத்துக்கொண்டு படிவத்தைத் திறங்கள்.

பாடத்தில் சேர்வதும் தேர்வுக்குப் பதிவதும் வேறு வேறு. இது தெரியாமல் 12 வாரமும் ஒழுங்காகப் படித்துவிட்டு, தேர்வுப் படிவத்தை நிரப்பாமலே விட்ட ஒரு மாணவியை எனக்குத் தெரியும். கல்லூரியில் போய் நின்றால் "மெயில் வந்திருக்குமே" என்றார்கள், அவ்வளவுதான்.

மதிப்பெண்ணிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. என்பிடெல்லில் அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. முன்னதில் 10, பின்னதில் 30 என இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். தேர்வில் 60 வாங்கியவர் அசைன்மென்டில் 8 என்றால் கூட்டுத்தொகை 68, சான்றிதழ் கிடையாது.

இதையெல்லாம் தாண்டியவர்களும் மாட்டுவது கிரெடிட்டில், அதாவது படித்த பாடத்தைக் கல்லூரிப் படிப்பின் கணக்கில் சேர்ப்பதில். ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்க அனுமதிக்கலாம் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2021 விதி. அனுமதிக்கலாம் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு துறைத்தலைவர் தேர்வுப் பிரிவுக்கு அனுப்புவார், தேர்வுப் பிரிவு பல்கலைக்கழகத்தைக் கை காட்டும், அங்கே போனால் கல்லூரி முதல்வர் கடிதம் எங்கே என்பார்கள். சான்றிதழோடு அலைந்து பயனில்லை. சேர்வதற்கு முன்பே, இந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு ஈடு, எத்தனை கிரெடிட் என்று துறையிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக "பார்த்துக்கலாம்" என்றால் சேராதீர்கள். கல்லூரியில் என்பிடெல் ஸ்பாக் (என்பிடெல்லுக்கான தொடர்பாளர்) என்று ஓர் ஆசிரியர் இருந்தால் அவரிடம்தான் முதலில் போக வேண்டும், அலுவலகத்துக்கு அல்ல.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். இணையத்திலிருந்து ஒரு பாடப்பொருளை இறக்கிக்கொள்ள முடிகிறது என்பதற்காக அதை அச்சடித்து விற்கலாம் என்று அர்த்தமில்லை. என்சிஇஆர்டி பாடநூல் பிடிஎஃப் இலவசம், காப்புரிமை அவர்களிடமே இருக்கிறது. பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ளதென்றால், எந்த வகை என்று பாருங்கள்: என்சி என்றிருந்தால் வணிகத்துக்குக் கூடாது, என்டி என்றிருந்தால் மொழிபெயர்த்துக்கூட வெளியிட முடியாது.