சொல் விளக்கம்: எதிர்நாயகனும் முதன்மை மாந்தரும்

ரோம் நகரச் சுவர்களில் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்து, முதல் நாளிலேயே சைக்கிளைப் பறிகொடுக்கும் அன்டோனியோ ரிச்சியை ‘எதிர்நாயகன்’ (ஆன்டி ஹீரோ) என்று குறிப்பிடும் கட்டுரை ஒன்றை அண்மையில் மீண்டும் படிக்க நேர்ந்தது. வித்தோரியோ தெ சீகா 1948இல் இயக்கிய ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தின் நடுவில் நிற்கும் அந்த மனிதன் யாரை எதிர்த்தான் என்று எழுதியவர் ஒருமுறை எண்ணிப் பார்த்திருந்தால், இச்சொல் அங்கே இடம்பெற்றிருக்காது.

நாயகன் வடசொல், ‘நீ’ என்னும் வினையடியிலிருந்து பிறந்து, நடத்திச் செல்பவனைக் குறிப்பது. ஹீரோ என்ற கிரேக்கச் சொல் மாவீரனையும், தெய்வமாக வணங்கப்பட்ட முன்னோனையும் குறித்தது. புரோட்டகனிஸ்ட் என்பதும் கிரேக்கமே என்றாலும், அதற்கு நாடகத்தின் முதல் நடிகன் என்பதே பொருள். வீரமோ ஒழுக்கமோ அதில் இல்லை. ஹீரோவையும் புரோட்டகனிஸ்ட்டையும் கதாநாயகன் என்று ஒரே சொல்லால் பெயர்த்ததில்தான் குழப்பம் தொடங்கியது. குடிக்காத, புகைக்காத, தாயைத் தெய்வமாகப் போற்றும் எம்.ஜி.ஆர். பாத்திரங்களுக்குக் கதாநாயகன் என்ற பெயர் முற்றிலும் பொருந்தும். பெருங்காப்பியத்துக்குத் தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல் வேண்டும் ‘தன்னிகரில்லாத் தலைவன்’ திரைக்கு வந்த வடிவம் அது. ரிச்சி அப்படிப்பட்டவன் அல்லன் என்று கண்டவர்கள், நாயகன் இல்லையென்றால் எதிர்நாயகன் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

தமிழில் ‘எதிர்’ என்னும் முன்னொட்டு எதிரி, எதிர்க்கட்சி, எதிர்வழக்காடி எனப் பகைத்தோ மறுத்தோ நிற்பவரைச் சுட்டுகிறது. ஆகவே எதிர்நாயகன் என்றதும் நாயகனை எதிர்ப்பவன், அதாவது வில்லன், என்றே வாசகர் கொள்வர். இதழ்களும் வில்லன் நடிகரை அப்படித்தான் எழுதுகின்றன. கிரேக்க ‘ஆன்டி’ என்பதற்கு எதிராக என்ற பொருளோடு, ஒன்றின் இடத்தில் என்ற பொருளும் உண்டு. நாயகனின் இடத்தில் நாயகப் பண்பின்றி நிற்பவனே ஆன்டி ஹீரோ. ‘அந்த நாள்’ (1954) படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன், நாட்டைக் காட்டிக்கொடுக்கும் வானொலிப் பொறியாளன். அவனை முரண்நாயகன் எனலாம். நாயகனுக்குரிய இடத்தோடு அவன் பண்பு முரண்படுகிறது. ரிச்சியிடம் அந்த முரணும் இல்லை. தொலைந்த சைக்கிளைத் தேடி அலுத்து, இறுதியில் தானும் ஒன்றைத் திருட முயன்று பிடிபடுகிறான் என்றாலும், அவன் கெட்டவன் அல்லன், பிழைக்க வழியற்றவன். கேரி கிராண்டை நடிக்கவைத்தால் பணம் தருவதாக அமெரிக்கத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் கூறியதை ஏற்காமல், லம்பெர்தோ மஜ்ஜொரானி என்ற ஆலைத் தொழிலாளியைத் தெ சீகா நடிக்கவைத்ததும் இதற்காகத்தான். நாயகனே வேண்டாம் என்று எடுத்த படத்துக்குள் ஏதோ ஒரு நாயகனைப் பெயரளவிலேனும் நுழைத்தே தீருவோம் என்று மொழிபெயர்ப்பாளர்கள் நிற்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

தனித்தமிழ் அன்பர்கள் புரோட்டகனிஸ்ட்டைக் ‘கதைத்தலைவன்’ என்பார்கள். அவர்களது நோக்கத்தில் எனக்கு உடன்பாடு உண்டு, சொல்லில் இல்லை. காதலைப் பாடும் அகத்திணையின் தலைவனுக்குப் பெயர் இல்லாவிட்டாலும் உயர்வு உண்டு. அடிமைகளான அடியோரும், ஏவிய வேலையைச் செய்யும் வினைவலரும், ஒத்த காதலைப் பாடும் ஐந்திணைக்குப் புறத்தே உள்ள கைக்கிளை (ஒருதலைக் காதல்), பெருந்திணை (பொருந்தாக் காதல்) ஆகியவற்றுக்கு உரியர் என்பது தொல்காப்பியம். அந்த வினைவலர் கூட்டத்தைச் சேர்ந்தவன் ரிச்சி. அவனைத் தலைவன் என்பது, வேறொரு வழியில், மீண்டும் நாயகன் என்பதேயாகும்.

எனவே புரோட்டகனிஸ்ட்டை முதன்மை மாந்தர் என்பதே தெளிவு. கதைமாந்தர் என்ற சொல் திறனாய்வில் ஏற்கெனவே வேரூன்றியிருப்பதால் இது வாசகருக்குப் புதிதாகவும் இராது. ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். மாந்தர் பன்மையாயிற்றே என்பவர்கள், ஒருவரைப் ‘பலர்பால்’ ஈற்றால் சுட்டும் உயர்வு வழக்கை நினைவிற்கொள்ளலாம். இந்தப் படத்துக்கோ அந்தப் பன்மை கூடுதலாகப் பொருந்துகிறது. இத்தாலிய மூலத் தலைப்பே பன்மைதான்; அமெரிக்காவில் வெளியிட்டவர்கள்தாம் அதை ஒருமையாக்கி, திருடன் ஒருவனே என்று தோன்றும்படி செய்துவிட்டார்கள்.