கழுத்தில் தடம் இல்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள்

குடும்ப வன்முறைக்கு உள்ளாகி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் பெண்களில் பலர், கழுத்து நெரிக்கப்பட்டதை முதலில் சொல்வதில்லை. கன்னத்தில் அறைந்ததையும் முதுகில் குத்தியதையும் சொல்லி, முழங்கைச் சிராய்ப்பைக் காட்டி, நான் எழுதத் தொடங்கிய பிறகு, "கழுத்தையும் புடிச்சாரு டாக்டர்" என்று தணிந்த குரலில் சேர்த்துக்கொள்கிறார்கள். உடன் வந்தவர் உடனே குறுக்கிட்டு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகல, தடம்கூட இல்ல பாருங்க" என்கிறார். அந்தப் பெண் சொன்னவற்றுள் உயிருக்கு மிக நெருக்கமான செய்தி அதுதான் என்பது அங்கே யாருக்கும் தெரிந்திருப்பதில்லை.

அண்மையில் ஓர் இளம்பெண் வலது கையும் காலும் செயலிழந்து, பேச்சும் குழறிய நிலையில் கொண்டுவரப்பட்டார். சில நாள்களுக்கு முன்பு கணவன் அவர் கழுத்தை நெரித்திருக்கிறான். குரல் கம்மியதைச் சளி என்று எண்ணி மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கழுத்து வலிக்கு எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு வழித்திருக்கிறார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து, அங்கே உறைந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைத்ததால் வந்த பக்கவாதம் அது. நான் பார்த்த முதல் பெண்ணாக இவர் இருந்திருந்தால்கூட இதை எழுதியிருப்பேன். ஆனால் இவர் முதல் பெண் அல்லர்.

"தடம் இல்லையே, அப்புறம் என்ன?" என்று வீட்டாரும் காவலர்களும், வருத்தத்தோடு சொல்கிறேன், சக மருத்துவர்களும் என்னிடம் கேட்கிறார்கள். அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், கழுத்து நெரிப்பு தொடர்பான 300 வழக்குகளின் ஆவணங்களை ஆராய்ந்து 2001ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அவற்றில் பாதி வழக்குகளில் வெளியே தெரியும் காயமே இல்லை. புகைப்படத்தில் காட்டும் அளவுக்குக் காயம் இருந்தவை ஏறத்தாழ நூற்றுக்கு 15 மட்டுமே. உள்ளங்கையாலும் முழங்கை மடிப்பாலும் அழுத்தும்போது தோலில் ஒன்றும் பதியாமலே உள்ளே ரத்தக்குழாய் நசுங்கிவிடும். மேலும், தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் பாடநூல்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பை எதிர்பார்த்து ஏமாறுகிறோம். கன்றிப்போன இடம் இரண்டு மூன்று நாள் கழித்துத் தெரியவருவதும் உண்டு. ஆகவே, தடம் இருந்தால் நெரித்திருக்கிறான் என்று சொல்லலாம். தடம் இல்லாததைக் கொண்டு நெரிக்கவில்லை என்று சொல்லவே முடியாது.

இதற்கு இணையான இன்னொரு தவறான எண்ணம், "மயக்கம் போடவில்லை, நன்றாகத்தானே பேசுகிறாள்" என்பது. கழுத்துத் தமனிகள் இருபுறமும் அழுந்தினால் பத்து நொடிக்குள்ளாகவே நினைவு தப்பும். பிடி விலகியதும் திரும்பிவிடும். அந்தச் சில நொடிகள் மூளையில் பதியாததால், மயங்கினோம் என்பதே அவருக்குத் தெரியாது. "நின்று கொண்டிருந்தேன், அப்புறம் பார்த்தால் தரையில் கிடந்தேன்" என்று ஒருவர் சொன்னால், இடையில் அவர் நினைவிழந்திருக்கிறார் என்று பொருள். நெரிக்கும்போது சிறுநீர் பிரிந்ததா என்றும் கேட்க வேண்டும். அவமானத்தால் அவராகச் சொல்லமாட்டார். மூளை ஆக்சிஜன் இன்றித் தவித்ததற்கு அது ஓர் அறிகுறி.

குரல் கம்முதல், விழுங்கும்போது வலி, மூச்சு இழுக்கையில் சத்தம், கண் வெள்ளையிலோ இமையின் உட்புறத்திலோ செம்புள்ளிகள், தலைவலி, பார்வை மங்கல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்கு வர வேண்டும். ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் அங்கேதான் எடுக்க முடியும். கர்ப்பிணியாக இருந்தால் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் வாருங்கள், குழந்தையின் நிலையைப் பார்த்தாக வேண்டும். கழுத்தை நீவாதீர்கள், சுளுக்கு வழிக்காதீர்கள். வழித்துவிடுபவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் சரி, கிழிந்த தமனியின் மேல் கை வைக்கக் கூடாது.

உடல்நிலை தேறிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். துணைவரால் ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னாளில் அவராலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் கூடுகிறது என்று 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இத்தனை பேருள் யாருடைய உயிருக்கு முதலில் ஆபத்து என்று கண்டறிய விரும்பினால், கேட்க வேண்டிய கேள்வி: "உங்கள் கழுத்தில் கை வைத்தாரா?"

சக மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணவரையும் மாமியாரையும் வெளியே அனுப்பிவிட்டு அந்தக் கேள்வியைக் கேளுங்கள். விபத்துப் பதிவேட்டில் 'தெரிந்த நபரால் தாக்கப்பட்டதாகக் கூறுகிறார்' என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், எந்தக் கையால், எவ்வளவு நேரம், குரல் எப்படி இருக்கிறது, நினைவு தப்பியதா என்பவற்றையும் எழுதுங்கள். நாம் அவசரத்தில் 'சாதாரண காயம்' என்று எழுதிக் கொடுக்கும் சான்றிதழை வைத்துத்தான் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 109ஆம் பிரிவின்கீழ் கொலை முயற்சியாக விசாரிக்கப்பட வேண்டிய செயல் 115ஆம் பிரிவின் சிறு அடிதடியாகச் சுருங்கிப்போகிறது. பெண்ணின் தாடையிலும் கழுத்திலும் நகக்கீறல் இருந்தால், அவராகவே கீறிக்கொண்டார் என்ற கதையை நம்பிவிடாதீர்கள். நெரிக்கும் கையைப் பிய்த்தெடுக்கப் போராடும்போது தன் நகமே தன் தோலைக் கிழிக்கும். கணவனின் முன்கையில் பல்தடம் இருப்பதும் அதே போராட்டத்தின் அடையாளமாக இருக்கக்கூடும்.

பெற்றவர்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. "நீ என்ன பேசினே, அவன் ஏன் கை வைக்கிறான்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கேள்வி காதில் விழுந்த பெண் அடுத்த முறை உங்களிடம் வரமாட்டார். சிகிச்சை பெறப் புகார் கொடுத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மருத்துவமனைக்கு வந்ததும் மற்றதைச் சொல்வதற்கு முன், கழுத்து நெரிக்கப்பட்டது என்று சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கி உங்கள் வீட்டில் வையுங்கள், கணவன் வீட்டில் வேண்டாம். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் நல்ல வெளிச்சத்தில் கழுத்தைப் படம் எடுத்துத் தேதியோடு பாதுகாத்து வையுங்கள்.

அந்தப் பெண் பிரிந்து வர முடிவெடுத்திருந்தால் அதைக் கணவனிடம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டாம், ஏனென்றால் கிளம்பும் வேளையே மிக ஆபத்தான வேளை. 181 என்ற எண்ணில் பெண்கள் உதவி மையம் நாள் முழுவதும் இயங்குகிறது. அடி விழுந்துகொண்டிருக்கும்போது 112ஐ அழையுங்கள். வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகமாகத் தங்கவும் சட்ட உதவி பெறவும் முடியும். மாவட்டத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் சென்றால், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதித்துறை நடுவரிடம் மனு அளிக்க அவர் உதவுவார். அவன் அருகில் வரக் கூடாது என்ற ஆணையையும், அந்த வீட்டில் அவர் வாழும் உரிமையைக் காக்கும் ஆணையையும் அங்கே கேட்கலாம். இவை எல்லாம் நாளைக்குச் செய்ய வேண்டியவை. கழுத்து நெரிக்கப்பட்ட அன்றிரவு அவர் மருத்துவமனையிலோ உங்கள் வீட்டிலோ இருக்கட்டும். பெரியவர்கள் வந்து சமாதானம் பேசினாலும், குழந்தைகளைக் காட்டி அழைத்தாலும், அன்றிரவு அவரை அங்கே அனுப்பாதீர்கள்.