சிகிச்சையில் தப்பு நடந்தால்: முதலில் கேஸ் ஷீட், அப்புறம்தான் வக்கீல்

பெரியம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள், வேறொரு ஆஸ்பத்திரியில் மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது. இரண்டாவது டாக்டர் எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "முதல்ல பார்த்த இடத்து கேஸ் ஷீட் எங்கே?" எங்கள் கையில் இருந்தது இரண்டு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. அதன்படி பெரியம்மா நல்லபடியாக குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார்.

சம்மரி வேறு, கேஸ் ஷீட் வேறு. சம்மரி என்பது எல்லாம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரி எழுதித் தரும் சுருக்கம். கேஸ் ஷீட்டில்தான் எத்தனை மணிக்கு என்ன மருந்து ஏறியது, மயக்க மருந்து கொடுத்தவர் என்ன குறித்தார், நர்ஸ் எப்போது டாக்டரைக் கூப்பிட்டார் என்று மணிக்கணக்கில் எழுதியிருக்கும். நான் போய்க் கேட்டபோது கவுண்டரில் இருந்தவர் "அதெல்லாம் பேஷண்டுக்குத் தர மாட்டோம் சார்" என்றார். அது தப்பு. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும். உள்நோயாளி ஆவணங்களை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். வாயால் கேட்டதற்கு எந்தச் சாட்சியும் இல்லை, அதனால் எழுதிக் கொடுங்கள்; ஒரு நகலில் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள், தர மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், மூன்றாம் நாள் 34 பக்கம் ஜெராக்ஸ் வந்தது. அதில் இரவு 2.10க்கு நர்ஸ் எழுதியிருந்தார்: கடுமையான வயிற்று வலி, காய்ச்சல் 102, டூட்டி டாக்டருக்குச் சொல்லியாயிற்று. அடுத்த பதிவு காலை 6.40. நடுவில் வெள்ளைத்தாள். எங்கள் வழக்கு முழுக்க அந்த நாலரை மணி நேரம்தான்.

நாள் போகப் போக ஆவணம் கிடைப்பது கஷ்டம், திருத்தப்படும் வாய்ப்பும் அதிகம். அதனால்தான் வக்கீல் ஆபீஸுக்கு ஓடுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை எழுதச் சொல்கிறேன். ஸ்கேன் ஃபிலிம், மருந்துக்கடை பில், பணம் கட்டிய ரசீது, டாக்டரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

சரி, எது சட்டப்படி கவனக்குறைவு? சிகிச்சை பலிக்கவில்லை என்பது மட்டும் போதாது. ஆபரேஷனுக்குப் பின் கிருமித்தொற்று வரலாம், குடும்பக் கட்டுப்பாடு செய்தும் கரு தங்கலாம். இதெல்லாம் டாக்டர் சரியாகச் செய்தாலும் நடக்கக்கூடியவை. அதே துறையில் ஓரளவு திறமையுள்ள ஒரு டாக்டர் அந்த நிலைமையில் செய்திருக்கக்கூடியதை இவர் செய்யாமல் விட்டாரா, அதனால்தான் பாதிப்பு வந்ததா என்பதுதான் கேள்வி. இரண்டையும் காட்ட வேண்டும்.

சென்னை எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் 1996இல் 29 வாரத்தில் 1,250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை பாதிப்பு வரும் என்பது மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த விஷயம். சில வாரங்களில் கண்ணைப் பரிசோதித்திருந்தால் பிடித்திருக்கலாம். யாரும் பரிசோதிக்கவில்லை, பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போய்விட்டது. தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்தது 5 லட்சம் ரூபாய். உச்ச நீதிமன்றம் 2015இல் அதைச் சுமார் 1.8 கோடியாக உயர்த்தியது. அப்போது அந்தப் பெண்ணுக்கு 18 வயது. யாரும் தவறான ஊசி போடவில்லை, கத்தி தவறி வெட்டவில்லை. செய்ய வேண்டிய ஒரு பரிசோதனையைச் செய்யாமல் விட்டார்கள், அவ்வளவுதான். அதுவும் கவனக்குறைவுதான்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டுட்டோமே" என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தக் கையெழுத்து, சொன்ன சிகிச்சைக்கும் அதில் வழக்கமாக வரக்கூடிய ஆபத்துக்கும்தான். கவனக்குறைவுக்கு அது அனுமதிச்சீட்டு ஆகாது. சோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கருப்பையை, அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே நின்ற அம்மாவிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்ட வழக்கு ஒன்று உண்டு. 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: உயிருக்கு அவசரம் இல்லாதபோது சோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாது, சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடியவருக்குப் பதிலாக வேறொருவர் சம்மதிக்கவும் முடியாது.

இழப்பீடு வேண்டுமென்றால் பெரும்பாலானவர்களுக்குச் சரியான இடம் நுகர்வோர் ஆணையம், பேச்சுவழக்கில் நுகர்வோர் கோர்ட். 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுப் புதுச் சட்டத்தில் "மருத்துவம்" என்ற சொல் இல்லையே என்று டாக்டர்கள் தரப்பில் ஒரு வழக்குப் போட்டுப் பார்த்தார்கள், 2022இல் அதுவும் எடுபடவில்லை. எந்த ஆணையத்துக்குப் போவது என்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணத்தை வைத்து. 50 லட்சம் வரை கட்டியிருந்தால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். ஆஸ்பத்திரி சென்னையில், நீங்கள் தென்காசியில் என்றால் தென்காசிக்குரிய ஆணையத்திலேயே போடலாம். நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் மருத்துவ வழக்குக்கு வக்கீல் இல்லாமல் போகச் சொல்ல எனக்கு மனசு வராது, எதிர்த்தரப்பில் இதையே தொழிலாகச் செய்பவர்கள் நிற்பார்கள்.

காலக்கெடு 2 ஆண்டு. இதில்தான் நிறைய நல்ல வழக்குகள் செத்துப்போகின்றன. எந்த நாளிலிருந்து கணக்கு? பாதிப்பு வெளியே தெரிந்தால் அந்த நாளிலிருந்தே. உள்ளே மறைந்திருந்தால் தெரியவந்த நாளிலிருந்து, ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1993இல் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு நர்ஸ் ஒன்பது ஆண்டு வயிற்று வலியோடு இருந்தார், 2002இல் இன்னொரு ஆபரேஷனில் உள்ளே விட்டுவைத்த துணி கிடைத்தது, 2004இல் வழக்குப் போட்டார். துணி கிடைத்து 2 ஆண்டுக்குள்தானே என்று நமக்குத் தோன்றும். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை: இத்தனை ஆண்டு வலி இருந்தும், அதுவும் ஒரு நர்ஸ், ஏன் முன்பே பரிசோதித்துப் பார்க்கவில்லை என்று கேட்டுக் காலாவதி என்று முடித்துவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை, ஆனாலும் சட்டம் அதுதான். வலி நிற்கவில்லையா, வேறு டாக்டரிடம் காட்டுங்கள், காட்டியதற்குச் சீட்டு வாங்குங்கள். தாமதத்தை மன்னிக்க மனுப் போட வழி உண்டு, அதை நம்பி உட்காராதீர்கள்.

இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டுமா? எல்லா வழக்குக்கும் வேண்டாம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மலேரியா காய்ச்சலுக்கு டைஃபாய்டு மருந்து கொடுத்தது, வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்தது போன்றவை தானே பேசும். எங்கள் வழக்கு போல, தாமதத்தால்தான் பாதிப்பா என்று வாதம் வரக்கூடியதற்குக் கருத்து இல்லாமல் நிற்க முடியாது. ஊருக்குள் யாரும் எழுதித் தர மாட்டார்கள், அது நிஜம். வேறு மாவட்டத்தில், ஓய்வு பெற்ற பேராசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மருத்துவக் குழுவிடம் கருத்துக் கேட்கச் சொல்லி ஆணையத்திலேயே மனுப் போடலாம்.

அரசு ஆஸ்பத்திரி என்றால் கதை கொஞ்சம் மாறும். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் இடம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. ஆனால் மற்றவர்களிடம் பணம் வாங்கும் ஆஸ்பத்திரி சிலரை மட்டும் இலவசமாகப் பார்த்தால் அந்த இலவச நோயாளியும் நுகர்வோர்தான், ஆகவே முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் "நாம பணம் கட்டலையே" என்று ஒதுங்க வேண்டாம். முழு இலவச இடத்தில் நடந்ததற்கு சிவில் கோர்ட் உண்டு, தவறு வெளிப்படையாக இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் (அரசு அமைப்புக்கு எதிராக நேரடியாகப் போடும் மனு) உண்டு. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது நினைவிருக்கும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அடுத்த ஆண்டே 25 லட்சம் ரூபாயும் வீடும் கொடுக்க உத்தரவிட்டது. அரசு ஆஸ்பத்திரி ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்டு வாங்கலாம்.

பணம் வேண்டாம், அந்த டாக்டர் மேல் நடவடிக்கை வேண்டும் என்பவர்கள் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். கவுன்சில் அவரை எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து சில காலம் பெயரை நீக்கலாம். இழப்பீடு ஒரு ரூபாய்கூட அங்கே கிடையாது. ஆஸ்பத்திரியின் வசதி, உரிமம் பற்றிய புகார் மாவட்டத்தின் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு.

போலீஸ்? படுமோசமான அலட்சியம் என்றால் மட்டும். 2005 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, பொதுவாக அரசு டாக்டர் ஒருவரின் கருத்தைப் பெறாமல் போலீஸ் டாக்டர் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது, வழக்கமான கைதும் கூடாது. அலட்சியத்தால் உயிர் போனால், பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த சட்டம்) பிரிவு 106இல் பதிவு பெற்ற மருத்துவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. மற்றவர்களுக்கு 5. ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைத்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும், தமிழ்நாட்டில் அது ஜாமீனில் வர முடியாத குற்றம்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இறப்பில் சந்தேகம் இருந்தால் உடலை வாங்குவதற்கு முன் போலீஸில் எழுதிக் கொடுத்து போஸ்ட்மார்ட்டம் கேளுங்கள். "போன உயிரை அறுத்து என்ன ஆகப்போகுது" என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். எரித்த பிறகு இறப்பின் காரணத்தை நிரூபிக்க ஆஸ்பத்திரி எழுதிய காகிதம் மட்டும்தான் மிஞ்சும். அதே நேரத்தில் "பில்லைத் தள்ளுபடி செய்றோம், இதுல ஒரு கையெழுத்து" என்று யாராவது வந்தால், அதில் "திருப்தி", "புகார் இல்லை" போன்ற வரி இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

செலவுக்குப் பயந்தால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போன் 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல். நிரந்தர மக்கள் நீதிமன்றம் இயங்கும் மாவட்டங்களில் ஆஸ்பத்திரிச் சேவை பற்றிய தகராறைக் கட்டணமில்லாமல் அங்கேயும் கொண்டுபோகலாம், ஆனால் அங்கே போட்டால் அதே விஷயத்துக்கு வேறு கோர்ட் போக முடியாது, யோசித்துப் போடுங்கள்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், சட்டத்தில் 3 மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதம். நடப்பில் ஆண்டுக்கணக்கு. மாவட்ட ஆணையத்தில் ஜெயித்தாலும் 45 நாளுக்குள் எதிர்த்தரப்பு மேல்முறையீடு போகலாம், ஆனால் விதித்த தொகையில் பாதியைக் கட்டினால்தான் எடுத்துக்கொள்வார்கள். பெரியம்மா அதுவரை காத்திருக்கவில்லை. ஆணையம் சமரசத்துக்கு அனுப்பியது, எங்கள் வக்கீல் மேஜையில் அந்த 2.10 பக்கத்தையும் 6.40 பக்கத்தையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், இரண்டாவது ஆபரேஷன் செலவு முழுவதையும் அதற்கு மேல் ஒரு தொகையையும் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். "மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கோர்ட்டுக்கே வந்திருக்க மாட்டேன்" என்றார் பெரியம்மா, ஆட்டோவில் வரும்போது.