தசை தளர்ந்தால்தான் விறைப்பு

கையை மடக்கினால் புஜம் கல்லாகிறது. அதனால் உடலில் எது விறைத்தாலும் அங்கே தசை இறுகுகிறது என்றே நினைத்துக்கொள்கிறோம். ஆணுறுப்பில் கதை தலைகீழ். தசை இறுகியிருக்கும்வரை அது துவண்டு கிடக்கும். தசை தளர்ந்தால்தான் விறைக்கும்.

உள்ளே கடற்பஞ்சு போன்ற இரண்டு தூண்கள் உண்டு. அவற்றின் சுவரிலும், ரத்தம் கொண்டுவரும் தமனிகளிலும் இருப்பது நம் இஷ்டத்துக்கு அசைக்க முடியாத மென்தசை. சாதாரண நேரத்தில் அது சுருங்கியே இருப்பதால் ரத்தம் கொஞ்சமாகத்தான் வந்து போகும். கிளர்ச்சி வந்ததும் முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும் நரம்புகளின் நுனி நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடுகிறது. ஆமாம், வண்டிப் புகையில் இருக்கிற அதே வாயுதான்! அது தசைக்குள் சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருளை உருவாக்கவைக்க, தசை தளர்கிறது, ரத்தம் பாய்கிறது, பஞ்சு உப்புகிறது. பஞ்சு டியூப் என்றால், அதைச் சுற்றிய கெட்டியான உறை டயர். இரண்டுக்கும் நடுவே சிக்கிய சிரைகள் நசுங்கி, வந்த ரத்தம் திரும்பும் வழி அடைபடுகிறது. பெண்ணின் கிளிட்டோரிஸிலும் இதே பஞ்சும் இதே வாயுவும்தான். கருவில் இரண்டும் ஒரே மொட்டிலிருந்து வளர்ந்தவை.

பதற்றம் ஏன் காரியத்தைக் கெடுக்கிறது என்பது இப்போது புரியும். பயத்தில் சுரக்கும் நோர்அட்ரினலின் அந்தத் தசையை இறுக்கிப் பிடிக்கிறது. முதலிரவில் "எப்படியாவது நடந்தாக வேண்டும்" என்று முக்கினால் எதிர்விளைவுதான். கனவுத் தூக்கத்தில் மூளையின் நோர்அட்ரினலின் செல்கள் ஓய்ந்துவிடுவதால், ஆசையே இல்லாமல் இரவில் பல தடவை விறைப்பு வந்து போகிறது. அதன் கடைசித் தவணைதான் காலையில் நாம் காண்பது. விறைப்புக் கோளாறு என்று போனால் மருத்துவர் இந்தக் காலை விறைப்பைப் பற்றிக் கேட்பது வம்புக்கு அல்ல. அது ஒழுங்காக வருகிறது என்றால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரி, கோளாறு மனப்பதற்றத்தில் இருக்கலாம்.

சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்க பிடிஇ5 என்றொரு நொதி உண்டு. அதைத் தடுப்பதுதான் வயாக்ராவின் வேலை. நெஞ்சுவலிக்காகச் சோதிக்கப்பட்ட மருந்து அது. 1998இல் அமெரிக்காவில் விறைப்புக் கோளாறுக்கான மருந்தாக அனுமதி கிடைத்தது. நைட்ரிக் ஆக்சைடு ஆய்வுக்கு மூவருக்கு நோபல் கிடைத்ததும் அதே ஆண்டுதான். மாத்திரை ஆசையைக் கொண்டுவராது. கிளர்ச்சி இல்லையென்றால் வாயு வராது, வாயு இல்லையென்றால் மாத்திரை காப்பாற்ற சைக்ளிக் ஜிஎம்பியும் இல்லை. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் இதே வாயுவை வைத்துத்தான் ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. வயாக்ராவும் நைட்ரேட்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரிந்துவிடும்.