ஸ்டொக் ஃபுட்டேஜ்: இருப்புக் காட்சி

வேறொரு தேவைக்காக முன்பே எடுத்து வைத்த படத்துண்டை ஒரு புதிய நிகழ்ச்சியில் இரவலாகச் சேர்த்தால் அது ஸ்டொக் ஃபுட்டேஜ். குளத்து வான்கதவில் நீர் பாய்வது, ரயில் கடப்பது, புயலில் பனை ஆடுவது போன்றவற்றுக்காகக் கமராவைத் தூக்கிக்கொண்டு மறுபடி போக யாரும் விரும்புவதில்லை. பெட்டியில் இருப்பதை எடுத்து ஒட்டிவிடுவார்கள்.

ஸ்டொக் என்பது பழைய ஆங்கிலத்தில் மரத்தின் அடிக்கட்டை. காலப்போக்கில் களஞ்சியச் சரக்கு, கையிருப்பு என்ற பொருளும் அதற்கு வந்தது. ஃபுட்டேஜ் அடிக்கணக்கிலிருந்து பிறந்தது. படச்சுருளை அடியாக வாங்கி, அடியாக வெட்டி, அடியாகவே கணக்கெழுதினார்கள். தமிழில் ‘இருப்புக் காட்சி’ என்பதே பொருத்தம். செய்தியறைகளில் புழங்கும் ‘கோப்புக் காட்சி’ அந்த நிறுவனமே முன்னர் எடுத்த செய்திப் படத்துக்குச் சரி. ‘ஆவணக் காட்சி’ என்ற பெயரை மட்டும் இதற்குக் கொடுக்காதீர்கள். ஆவணம் என்று எழுதிவிட்டால் அதை மறுபடி சோதிக்க எவரும் முனையமாட்டார்கள்.

தொலைந்த நிகழ்ச்சிகளைத் தேடுவோருக்கு இந்தச் சொல் இரண்டு வகையில் உதவும். முழு நிகழ்ச்சியும் அழிந்தாலும் இரவல் துண்டின் மூலப்படம் வேறொரு படநூலகத்தில் உயிரோடு இருக்கலாம். பிபிசி 1960களிலும் 70களிலும் ஏராளமான நிகழ்ச்சிகளை அழித்து நாடாவை மீளப் பயன்படுத்தியது. ஆனாலும் ஒளிபரப்பான நிகழ்ச்சி பற்றிய அலுவலகத் தாள்களில் எந்தப் படத்துண்டு எங்கிருந்து, எத்தனை அடி என்ற விவரம் பலவேளை கிடைக்கிறது. அங்கே 45 அடி என்று கண்டால் சுருளின் அகலத்தையும் பாருங்கள். 35 மி.மீ. சுருளில் அடிக்கு 16 சட்டகம் (சுருளிலுள்ள தனிப்படம்), 16 மி.மீ. சுருளில் 40. நொடிக்கு 25 சட்டகம் ஓடும்போது முதலாவது 28.8 நொடி, இரண்டாவது 72 நொடி. அகலத்தைத் தவறவிட்டால் தேடும் துண்டின் நீளமே பிழைத்துவிடும்.

மற்றப் பயன் காலக்கணிப்பு. வன்னி நிகழ்ச்சிகளில் அதிகம் சறுக்குவது இங்கேதான். 2005இல் தொடங்கிய தமிழீழத் தேசியத் தொலைக்காட்சியின் ஒளிபரப்பாகட்டும், அதற்கு முந்தைய வீடியோப் படைப்புகளாகட்டும், இன்று கைக்கு வருபவை பெரும்பாலும் கொப்பியின் கொப்பிதான். உறையில் எழுதிய ஆண்டு நிகழ்ச்சிக்குரியது, உள்ளே வரும் ஒவ்வொரு காட்சிக்கும் பொருந்தாது. வவுனியாவுக்கு வடக்கே ரயில் 1990இல் நின்றது, கிளிநொச்சிக்கு 2013 செப்டம்பரில்தான் மீண்டது. இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. ஆகவே 2005 நிகழ்ச்சியில் பரந்தனில் ரயில் ஓடினால் அது ஐயமின்றி இரவல். கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கி விழுந்து கிடந்தால் அந்தப் படம் 2008இன் இறுதிக்கு முந்தையதாக இருக்க முடியாது.

கசெற்றை முதலில் 720×576 அளவில், ஒற்றை எண் வரிகளின் புலத்தையும் இரட்டை எண் வரிகளின் புலத்தையும் (ஒரு சட்டகத்தின் இரண்டு பாதிகள்) கலக்காமல், அப்படியே கணினியில் ஏற்றுங்கள். இதுவே மூலக் கோப்பு, இதில் கைவைக்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் தொடக்க நேரம், சட்டக எண்ணிக்கை, தெரியும் பொருள்கள் என்று பதிந்து வாருங்கள். வீடியோக் கமராவில் எடுத்த காட்சி நொடிக்கு 50 புலங்களாக வழுக்கிக்கொண்டு போகும். படச்சுருளிலிருந்து வந்தது சற்று விட்டு விட்டு நகரும், தூசியும் கீறலும் தெரியும். இரண்டு காட்சிகளுக்கிடையே இந்த அசைவு மாறினாலோ, ஒரு துண்டில் மட்டும் சிவப்பு நிறம் பொருளின் விளிம்பைத் தாண்டிக் கசிந்தாலோ, களத்து ஒலி இல்லாமல் இசை மட்டும் ஓடினாலோ அங்கே நின்று பாருங்கள்.

படத்தைக் கொண்டு இணையத்தில் தேடத் தனிக் கொப்பி வேண்டும். அதில் இரண்டு புலங்களும் சேரும்போது அசையும் பொருளின் ஓரத்தில் சீப்புப்பல்லாகத் தெரியும் வரிப்பிளவை நீக்கி, நிலைய இலச்சினையை வெட்டி, காட்சியின் நடுவிலிருந்து ஒரு சட்டகம் எடுங்கள். இலச்சினையோடு தேடினால் அதே இலச்சினையுள்ள வேறு படங்கள்தான் வந்து குவியும். எதுவும் பொருந்தாவிட்டால் இடம் வலம் மாற்றித் தேடுங்கள், தொகுப்பாளர்கள் காட்சியைத் திருப்பிப் போடுவது வழக்கம். சேலை முந்தானை வலத்தோளில் கிடந்தால், அல்லது ஏ9 வீதியில் பஸ் வலப்பக்கமாக ஓடினால், படம் பெரும்பாலும் திருப்பப்பட்டது.

நூலகப் பிரதி கிடைத்ததும் நொடிகளை ஒப்பிடாதீர்கள், சட்டகங்களை எண்ணுங்கள். நொடிக்கு 24 சட்டகமாக எடுத்த 10 நொடிக் காட்சி, நொடிக்கு 25 ஆக ஓடும்போது 9.6 நொடியில் முடிந்துவிடும். கனடாவிலிருந்து திரும்பிய கொப்பியில், அந்நாட்டுத் தொலைக்காட்சியின் 525 வரி முறைக்கு மாற்றியபோது கலந்த இரட்டைச் சட்டகங்கள் இருக்கும், அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒரே கீறல் அதே சட்டகத்தில், அதே இடத்தில் இரண்டிலும் இருந்தால் இரண்டும் ஒரே சுருளின் வழிவந்தவை. அதைவிட உறுதியான சான்று வேறில்லை. சுருளே கையில் இருந்தால், கொடாக் நிறுவனம் சுருளின் ஓரத்தில் அச்சிட்ட ஆண்டுக் குறியைப் பார்க்கலாம். ஆனால் அந்தக் குறிகள் 20 ஆண்டுக்கொருமுறை திரும்ப வந்தவை. அவை சுருள் தயாரான ஆண்டைத்தான் சொல்லும், படம் பிடித்த ஆண்டை அல்ல.

இடத்தை உறுதிசெய்ய ஊரவர்களிடம் காட்டும்போது “இது இரணைமடுக் கட்டா?” என்று கேட்டால் ஓமென்றே பதில் வரும். “இது எந்த இடம், அண்ணை?” என்று மட்டும் கேளுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்லவும் வேண்டாம்.

பொருந்திய துண்டை நிகழ்ச்சியின் மூலக் கோப்புக்குள் ஒட்டாமல் தனிக் கோப்பாக வைத்து, எங்கிருந்து வந்தது என்று பெயரிலேயே எழுதுங்கள். நூலகப் பிரதி தெளிவாக இருப்பதால், நாளைக்கு அதைப் பார்ப்பவர் நிகழ்ச்சியின் மூல நாடாவே கிடைத்துவிட்டதென்று எண்ணிவிடுவார்.