மனக் கோட்பாடா, மனமறிதலா?

போன மாதம் மதுரையில் பெற்றோருக்கான ஒரு பயிற்சி வகுப்பில் துண்டறிக்கை கொடுத்தார்கள். ‘நான்கு வயதில் குழந்தைக்கு மனக் கோட்பாடு உருவாகிறது’ என்று போட்டிருந்தது. பக்கத்தில் இருந்த செல்லூர்க்கார அம்மா, “இதுக்கு எதும் ஊசி போடணுமா தம்பி?” என்று கேட்டார். இந்தச் சொல்லை முன்பும் பல தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பொறுக்கவில்லை.

ஆங்கிலத்தில் ‘தியரி ஆஃப் மைண்ட்’. அடுத்தவர் என்ன நினைக்கிறார், அவருக்கு என்ன தெரியும் என்று புரிந்துகொள்ளும் திறமைக்குப் பெயர். 1978-இல் பிரிமாக், உட்ரஃப் என்ற உளவியலாளர்கள் இருவரும் சிம்பன்சி பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய பெயர். அடுத்தவர் மனம் கண்ணுக்குத் தெரியாது, ஊகிக்கத்தான் வேண்டும், அதனால் ‘தியரி’ என்றார்கள். சரி, அது அவர்கள் கணக்கு.

நம் கோட்பாடு கோள் + பாடு. படித்தவர்கள் வகுத்து, வாதாடி நிறுவுவது. ‘மனக் கோட்பாடு’ என்றால் ஃபிராய்டு சொன்ன ஏதோ ஒன்று என்றுதான் காதில் விழும். பால்பல் விழாத பிள்ளை எந்தக் கோட்பாட்டை வகுக்கிறது? அதைவிட, யாருடைய மனம் என்பதே இந்தத் தொடரில் இல்லை. விஷயமே அதில்தானே இருக்கிறது!

1983-இல் விம்மர், பெர்னர் செய்த சோதனையில் ஒரு சிறுவன் வைத்த சாக்லேட்டை, அவன் இல்லாதபோது அம்மா இடம் மாற்றிவிடுவாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான் என்று, கதையைக் கேட்ட பிள்ளையிடம் கேட்பார்கள். வீட்டில் நானும் செய்து பார்த்தேன். அப்பத்தா கூடையில் வைத்த வெள்ளரிப்பிஞ்சை முறத்துக்கடியில் ஒளித்துவிட்டு, அப்பத்தா எங்கே தேடும் என்று, பார்த்துக்கொண்டிருந்த மூன்று வயது மகளிடம் கேட்டேன். “முறத்துக்கு அடியில” என்றாள் சட்டென்று. தனக்குத் தெரிந்தது அப்பத்தாவுக்கும் தெரியும் என்ற நினைப்பு. நான்கு, ஐந்து வயதில் பெரும்பாலான பிள்ளைகள் கூடையைக் காட்டிவிடும்.

‘மன வாசிப்பு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். மனம் என்ன தினத்தந்தியா? அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு மொழிபெயர்த்தாயிற்று என்கிறார்கள்.

‘குறிப்பறிதல்’ நல்ல சொல். குறளில் 71, 110 என இரண்டு அதிகாரங்களுக்கு அதுதான் பெயர். புது ஆளைக் கண்டதும் ஒரு வயதுப் பிள்ளை அம்மா முகத்தைப் பார்க்கிறதே, அதற்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் வெள்ளரிப்பிஞ்சு விஷயத்தில் அப்பத்தா அங்கே இல்லவே இல்லை. யார் முகத்தில் குறிப்பைத் தேடுவது?

எனக்குப் ‘பிறர்மன அறிவு’ பிடித்திருந்தது. தமிழாசிரியரான நண்பர் சிரித்தார்: “மைக்கில் சொன்னால் பிறர்மனை என்று கேட்கும், வள்ளுவர் அடிக்க வருவார்.” அதனால் ‘பிறர் மனமறிதல்’ என்று பிரித்து எழுதி, வகுப்பு நடத்தியவரிடம் கொடுத்தேன். வாங்கிப் படித்தார். “நல்லாத்தான் இருக்கு சார், ஆனா நோட்டீஸ் எல்லாம் அடிச்சாச்சே” என்றார்.