‘ரீட் ஒன்லி’ கோப்பு, பூட்டிய கோப்பு அல்ல

பயிற்சிக் குறிப்பு, உதவிப் பக்கம், ஐ.டி. பிரிவின் சுற்றறிக்கை என எங்கே பார்த்தாலும், எக்செல் கோப்பைத் திறந்து படிக்கலாம், திருத்திச் சேமிக்க முடியாது என்னும் ‘ரீட் ஒன்லி’ வரவேண்டிய இடத்தில் ‘கோப்பு பூட்டப்பட்டுள்ளது’ என்று நிற்கிறது. மொழிக் குற்றம் மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். இந்தச் சொல்லை நம்புகிறவர், இல்லாத ஒரு பூட்டைத் தேடிப் பாதி நாளைத் தொலைக்கிறார்.

சொல்லின் கதை சின்னது. ‘ரீட்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் அறிவுரை சொல்லுதல், பொருள் விளக்குதல் என்ற பொருள்களும் இருந்தன. கணினியில் அது ஒடுங்கிவிட்டது: சேமிப்பகத்தில் இருப்பதை எடுப்பது ரீட், அதில் பதிவது ரைட். தமிழில் ‘படிக்க மட்டும்’ போதும். இலங்கையில் ‘வாசிக்க மட்டும்’ என்பதே நாவுக்கு இயல்பு, அதுவும் சரி. ‘படிப்பு மட்டும்’ என்று எழுதுவதுதான் பிழை. படிப்பு என்றால் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும், கோப்பு வராது.

இனி பூட்டு. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், கதவைப் பூட்டுகிறோம். செய்யுளின் முதலையும் கடைசியையும் வில்லில் நாண் பூட்டுவதுபோல் இணைத்துப் பொருள்கொள்ளும் பூட்டுவிற் பொருள்கோள் இலக்கணத்தில் உண்டு. எல்லாவற்றிலும் ஒருவர் இழுத்துப் பிணைக்கிறார். ‘பூட்டியிருக்கிறது’ என்றதும் தமிழ்க் காது கேட்கும் அடுத்த கேள்வி: யார் பூட்டினார், சாவி யாரிடம்? எக்செலில் இந்தக் கேள்விக்கு விடை இருக்கும் சமயமும் உண்டு. வேறொருவர் திறந்து வைத்திருக்கும்போது அவர் பெயரோடு செய்தி வரும். அலுவலகப் பொது ஃபோல்டராக இருந்தால், கோப்பின் பெயருக்கு முன்னால் அலைக்குறியும் டாலர் குறியும் ஒட்டிய ஒரு மறைகோப்பு அங்கே உட்கார்ந்திருக்கும். எக்செல் பாதியில் செத்துப்போனால் அந்த மறைகோப்பு அங்கேயே தங்கிவிடும். எல்லாரும் கோப்பை மூடிவிட்டார்கள் என்று உறுதிசெய்த பிறகே அதை அழிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் கோப்புப் பகிர்வுத் தளமான ஷேர்பாயின்ட்டில் பூட்டு சர்வரில் இருக்கிறது, சுமார் 10 நிமிடம் காத்திருந்தால் தானே விடுபடும். எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம் பலர் ஒரே நேரத்தில் இணைந்து திருத்துவதற்கு இடம் தராது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆக மாற்றினால் தகராறு தீரும். இவற்றைப் பூட்டு என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் மீதிக் காரணங்களில் பூட்டியவர் எவருமில்லை. பகிர்ந்தவர் ‘பார்க்கலாம்’ என்ற அனுமதி மட்டும் கொடுத்திருப்பார்; அது உரிமைக் குறைவு, அவரிடம் கேட்டு வாங்க வேண்டும். மின்னஞ்சலில் வந்த கோப்பு என்றால் மேலே மஞ்சள் பட்டை தெரியும். அனுப்பியவர் நம்பிக்கைக்குரியவர் என்றால் ‘எனேபிள் எடிட்டிங்’ அழுத்தினால் முடிந்தது. ‘மார்க் அஸ் ஃபைனல்’ என்று கோப்பை எழுதியவர் முத்திரையிட்டிருந்தால் ‘எடிட் எனிவே’ போதும். சந்தா காலாவதியானால் எக்செல் எல்லாக் கோப்புகளையும் காட்டும், எதையும் திருத்தவிடாது. அங்கே பூட்டைத் தேடி என்ன பயன்?

மிகவும் அலைக்கழிப்பது, இணையத்தில் உள்ள கோப்புகளின் படியைக் கணினியில் வைத்து ஒத்திசைக்கும் ஒன்டிரைவ் சிங்க் ஃபோல்டர். பிரவுசரில் திறந்தால் கோப்பை ஒழுங்காகத் திருத்த முடிகிறது. கணினியில் அதே கோப்பின் மேல் பூட்டுப் படம், சேமிக்க முடியவில்லை. இந்த முரண் கண்ணில் பட்டால் கோப்பை விட்டுவிட்டு, ஷேர்பாயின்ட்டில் அது இருக்கும் தொகுப்பான லைப்ரரியைப் பாருங்கள். அதில் கட்டாயம் நிரப்ப வேண்டிய நெடுவரிசை இருந்தாலோ, திருத்துமுன் கோப்பைத் தன் பெயரில் எடுத்தாக வேண்டும் என்னும் ‘ரிக்வயர் செக் அவுட்’ இயக்கத்தில் இருந்தாலோ, ஒன்டிரைவ் அந்த லைப்ரரி முழுவதையும் படிக்க மட்டுமாகவே இறக்குகிறது. லைப்ரரி செட்டிங்ஸ், அதில் வெர்ஷனிங் செட்டிங்ஸ், அதன் அடியில் செக் அவுட் கேள்விக்கு ‘நோ’. நெடுவரிசையின் அமைப்பிலும் கட்டாயத்துக்கு ‘நோ’. இதற்கு லைப்ரரியை நிர்வகிக்கும் உரிமை வேண்டும். மொழிபெயர்ப்பாளர்கள் இந்தப் பூட்டுப் படத்தைப் பார்த்தே சொல்லை முடிவு செய்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. படத்தை மொழிபெயர்ப்பது மொழிபெயர்ப்பு ஆகாது.

‘படிக்க மட்டும்’ ஒரு சொல்லா, சொற்றொடர்தானே என்று கேட்பார்கள். அதற்காக ‘மாறாக் கோப்பு’ என்று செதுக்கினால் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பொய். கோப்பு மாறிக்கொண்டேதான் இருக்கிறது. பக்கத்து மேசைக்காரர் அதில் எண்களை மாற்றிக்கொண்டிருக்கிறார். மாற்ற முடியாதவர் நீங்கள் மட்டும். இந்த உறவைச் சொல்லாத எந்தச் சொல்லும், எத்தனை தூய தமிழாக இருந்தாலும், எனக்கு வேண்டாம். ‘கோப்பு படிக்க மட்டும் திறந்திருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள். வாக்கியத்தில் எங்கும் இடறவில்லை.

இதே அவசரம்தான் ‘செக் அவுட்’டை ‘வெளியேறு’ ஆக்கியது. அது ஓட்டல் அறை அல்ல. நூலகத்தில் புத்தகம் எடுக்கும் வழக்கம். ‘எடுத்து வைத்தல்’, ‘திருப்பி வைத்தல்’ என்றால் ஒரு பிள்ளைக்கும் புரியும். செக் அவுட் கட்டாயமான லைப்ரரியில் புதிதாக ஏற்றிய கோப்பு, ஏற்றியவர் ஒருமுறை திருப்பி வைக்கும்வரை மற்றவர் கண்ணுக்கே தெரியாது. அந்த இடத்தில் ‘வெளியேறு’ என்று படித்தவர் கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழைவார்; கோப்பு அப்போதும் தெரியாது.